பதினொரு வீட்டுக் கடிதம்

"என்ன வேணும்னு சொல்லு சஃபியா. வண்டி கெளம்பப் போவுது."

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க மச்சான். நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க."

"ஒண்ணுமேவா?"

"மிக்ஸி ஜாரு கீறல் விட்டுப்போச்சு. தோதா கெடச்சா ஒண்ணு கொண்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

கோவை ரயில் நிலையத்தில், விமானம் ஏறக் கோழிக்கோட்டுக்குப் போகும் வண்டியின் ஜன்னல் கம்பிக்கு உள்ளேயும் வெளியேயுமாக நின்றுகொண்டு அவர்கள் பேசியது அது. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஆனால் சஃபியாவுக்கு அது நேற்றுப் பேசியதுபோல் காதிலேயே நின்றது. அவள் கணவன் முகமது யூசுப் சார்ஜாவில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் ஃபோர்மேன். ஆறு வருடத்தில் இரண்டு தடவைதான் ஊருக்கு வந்திருந்தான். கிளம்பும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேட்பான். அவளும் ஏதாவது ஒரு சாமானின் பெயரைச் சொல்லுவாள். முதல் தடவை இஸ்திரிப் பெட்டி. அதற்கடுத்த தடவை மிக்ஸி ஜார்.

சொல்ல நினைத்தது அதுவல்ல. 'போதும், வந்துருங்க' என்பதுதான். நாத்தனாரின் நிக்காஹ் முடியட்டும் என்று முதலில் அடக்கினாள். பிறகு வீட்டுக்குத் தளம் போடட்டும் என்று அடக்கினாள். இரண்டும் முடிந்தபின் அடக்குவதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. அடக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியது. போதாததற்கு, அவள் வாயை அடைக்கிற மாதிரி ஒரு வேலையும் வந்து சேர்ந்துவிட்டது.

கோட்டைமேட்டில் அவர்கள் தெருவில் மட்டும் பதினொரு வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். சஃபியா பி.காம். படித்தவள், டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். தொண்ணூற்றெட்டின் கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை ஒன்றின் மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தது. அதை நடத்துகிறவள் ஒரு பெண் என்று தெரிந்ததும், சஃபியா போய் இலவச மெயில் ஐடி ஒன்று எடுத்து வந்தாள். ஒன்றே ஒன்று. ஒரு வீட்டு டெலிபோன் நம்பரைத் தெரு முழுக்கக் கொடுத்து வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. தெருப் பெயரையும் பதினொன்று என்ற எண்ணையும் சேர்த்து ஐடிக்குப் பெயர் வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அவரவர் சொல்வதை எழுதிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்மாவுக்குப் போகும் நேரத்தில், உக்கடத்தில் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் போவாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, பதினொரு கடிதம் அனுப்பி, அந்த வாரம் வந்திருக்கும் பதில்களைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு திரும்புவாள். வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அங்கே இருக்கிற ஆண்களுக்கும் அது தெரியும். சனிக்கிழமை காலையில் போய்ப் பார்ப்பார்கள், கடிதம் இருக்கும். புதன்கிழமை மறுபடி போய்ப் பதில் எழுதுவார்கள்.

மற்ற பத்துப் பெண்களின் மனசும் அவள் விரல் வழியாகப் போயிற்று. 'கால்வலி தேவலையா', 'பெரியவனுக்கு மார்க்கு கொறஞ்சு போச்சு, நீங்க ரெண்டு வார்த்த திட்டி எழுதுங்க', 'எப்ப வாரீங்க.' கடைசிக் கேள்வி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். சஃபியாவின் கடிதத்தில் மட்டும் இருக்காது. பத்துப் பேர் நோட்டைப் புரட்டிப் பார்க்கிற இடத்தில் தன் நெஞ்சைத் திறந்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. யூசுபுக்கு அவள் எழுதுவது வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். மழை இல்லை. சிறுவாணித் தண்ணி ஒழுங்காக வருகிறது. நான்-ஸ்டிக் தவா கிடைத்தால் ஒன்று வாங்கவும்.

அப்படியிருக்க, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த மெயில் வந்தது.

மெயில் கம்பெனியிலிருந்து வந்ததாக மேலே போட்டிருந்தது. நல்ல இங்கிலீஷ். அன்புள்ள உபயோகிப்பாளரே, எங்கள் கணக்குகளைச் சரிபார்த்து வருகிறோம். உங்கள் ஐடியைப் பயன்படுத்துகிறவரின் பெயர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு ஆகியவற்றை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதிலாக அனுப்பவும். தவறினால் உங்கள் பெட்டியும் அதிலுள்ள கடிதங்கள் அனைத்தும் அழிக்கப்படும்.

சஃபியா மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். மெயில் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது, கெடு தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பயன்படுத்துகிறவர் என்று ஒருமையில் கேட்டிருக்கிறார்கள். இங்கே பதினொரு பேர்! ரேஷன் கார்டில் இல்லாத ஆட்களுக்கும் சேர்த்துச் சர்க்கரை வாங்கி மாட்டிக்கொண்டவளைப் போல நடுங்கினாள். உண்மையைச் சொல்லிவிட்டால் மன்னித்துவிடுவார்கள் என்று தோன்றியது. உட்கார்ந்து மாங்கு மாங்கென்று அடித்தாள். பதினொரு பெண்களின் பெயர், வயது, அவரவர் கணவர் பெயர், எந்த ஊர், எந்தக் கம்பெனி, கல்யாணமாகி எத்தனை வருடம் என்பதுவரை எழுதினாள். வரிசை எண்கூடப் போட்டாள். 'ஏழைப் பெண்கள், அறியாமல் ஒரே ஐடியைப் பயன்படுத்திவிட்டோம், தயவுசெய்து மன்னித்து அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று எழுதி, கீழே பாஸ்வேர்டையும் போட்டு அனுப்பினாள்.

பெட்டி அழியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் திறந்தது. மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்து, திரும்பி வரும்போது பஸ்ஸில் அல்லாவுக்கு நன்றி சொல்லி ஷுக்ரு செய்துகொண்டாள்.

இந்த வெள்ளிக்கிழமைதான் விஷயம் வேறு மாதிரி இருந்தது.

வழக்கம்போலக் கோடியில் இருந்த மெஷினில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். புதுக் கடிதம் என்றால் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றுகூடத் தடித்த எழுத்தில் இல்லை. ஆனால் அவள் பார்க்காத கடிதங்கள் ஐந்து இருந்தன. யாரோ திறந்து படித்தபின் மூடியது மாதிரி, எல்லாம் மெலிந்த எழுத்தில் கிடந்தன.

முதல் கடிதம் தம்மாமிலிருந்து ரசாக் அண்ணன் எழுதியது. பக்கத்து வீட்டு சபுரா அக்காவின் கணவர், நாற்பத்தெட்டு வயது லாரி டிரைவர். 'சபுரா, நீ செவ்வாக்கிழமை எழுதினதப் படிச்சேன்' என்று ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமையா? அடுத்த நாலு வரியைப் படித்ததும் சஃபியா கண்ணை எடுத்துக்கொண்டாள். புருஷன் பெண்சாதி காதில் மட்டும் சொல்ல வேண்டியதை அந்த மனுஷர் எழுதியிருந்தார். நீ கேட்டதால் எழுதுகிறேன், வெட்கமாக இருக்கிறது என்று வேறு எழுதியிருந்தார்.

அனுப்பியவை என்ற இடத்தைத் திறந்தாள். அவள் அடிக்காத கடிதங்கள் ஏழு இருந்தன. எல்லாம் செவ்வாய்க்கிழமை தேதி. சபுரா பேரில் ஒன்று. கல்யாணமாகி இருபதாம் நாள் கணவனை விமானம் ஏற்றிவிட்ட ரம்ஷாவின் பேரில் இரண்டு. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அவள் எழுதுகிற மாதிரியே 'ஒடம்பப் பாத்துக்கங்க' என்று முடிந்தது. நடுவில் மட்டும் வேறு. ஒவ்வொரு கடிதத்திலும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். இந்தப் பெண்களின் குரலில் அவர்களுடைய கணவன்மார்களிடம் கேட்கக்கூடாததைக் கேட்டு, வந்த பதிலை எடுத்து ருசி பார்த்திருக்கிறான்.

சஃபியா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அதன்மேல் வேறு யாருடைய வேர்வையோ பிசுபிசுப்பது போலிருந்தது. கையை முந்தானையில் துடைத்தாள். போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தாள்.

"லோகு, இங்க கொஞ்சம் வா அம்மணி."

லோகப்பிரியா எழுந்து வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். அப்பாவிடம் சண்டை போட்டு இந்த சென்டரை வைத்திருந்தாள். "ஏனுங்க்கா, மெஷின் நின்னுபோச்சா?" என்றவள், சஃபியாவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையைப் படித்தாள். அவள் காது மடல் சிவந்துபோனது.

"சீ! எந்தக் கழிசடைங்க்கா இது?"

"எனக்கு எப்படித் தெரியும்? பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"ஆருகிட்டயும் சொல்லலீங்களா?"

"இல்ல. கம்பெனிக்காரங்களுக்குத்தான் எழுதினேன்."

"எந்தக் கம்பெனிக்கு?"

சஃபியா அந்த மெயிலைத் தேடி எடுத்துக் காட்டினாள். லோகப்பிரியா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே. இதே மெயிலு போன மாசம் இங்க வர்ற காலேஜ் புள்ளைக மூணு பேருக்கு வந்துச்சுங்க. ஒருத்தி தூக்கிக் குப்பையில போட்டுட்டா. ரெண்டு பேரு எங்கிட்டக் கேட்டாங்க. நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"ஆபீஸ் கடுதாசி மாதிரி இருந்துச்சு லோகு."

"நல்லாப் பாருங்க. அனுப்பினவன் அட்ரஸ்ஸப் பாருங்க. இதும் உங்களுத மாதிரி ஓசி ஐடிதான். நானும் எடுக்கலாம், கீழ பட்டுக்கடைக்காரரும் எடுக்கலாம். கம்பெனி பேரையும் சர்வீஸ்ங்கற வார்த்தையவும் சேத்து வெச்சா கம்பெனி ஆயிருமா? அப்பறம், அன்புள்ள உபயோகிப்பாளரேன்னு போட்டிருக்கான். நெசமான கம்பெனின்னா அவங்ககிட்ட உங்க பேரு இருக்குமில்லீங்க? நாப்பத்தெட்டு மணி நேரம்னு ஏன் வெரட்டறான்? ரோசிக்க வுடாம இருக்கத்தான்." லோகப்பிரியா ஒரு நிமிடம் நிறுத்தினாள். "இதெல்லாம் தெரியாட்டிப் போகுதுங்க்கா. ஒண்ணே ஒண்ணு. பாஸ்வேர்ட எந்தக் கம்பெனியும் கேக்காதுங்க. பூட்டுச் செஞ்சவன் வந்து உங்க ஊட்டுச் சாவியக் குடுன்னு கேப்பானா?"

சஃபியா மறுபடி திரையைப் பார்த்தாள். தான் அனுப்பிய பட்டியல் கண்முன் நின்றது. ஒன்று, சபுரா, நாற்பத்திரண்டு. நான்கு, ரம்ஷா, இருபத்தொன்று, கல்யாணமாகி நாலு மாதம். சந்தையில் மாட்டைப் பல் பிடித்துக் காட்டுவதுபோல், பத்துப் பெண்களை அவளே வரிசையாக நிறுத்திக் காட்டியிருக்கிறாள்.

"ஆருன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"எங்கீங்க முடியும்? மெஷின்ல முன்னாடி உக்காந்தவங்க ஐடி அப்படியே நிக்கும். அதப் பாத்து எழுதிக்கிட்டுப் போயி நாலு பேருக்கு அனுப்பியிருப்பான். தமிழ் தெரிஞ்சவன், அவ்வளவுதான் சொல்ல முடியும். இங்கியே வந்து போறவனா இருந்தாலும் இருப்பான்." லோகப்பிரியா அருவருப்போடு சென்டரைச் சுற்றிப் பார்த்தாள். "நெனச்சாலே உவ்வேங்குது. மொதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க. ரகசியக் கேள்வியவும் மாத்துங்க."

மாற்றினார்கள். மாற்றிய பிறகுதான் சஃபியா அனுப்பியவையில் கடைசிக் கடிதத்தைப் பார்த்தாள். அது யூசுபுக்குப் போயிருந்தது. அவள் பேரில்.

'மச்சான், எனக்கு இனிமே சாமான் எதுவும் வேண்டாம். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், தவாவும் வேண்டாம். நீங்கதான் வேணும். வந்துருங்க. வந்தா என்ன செய்வீங்க?' அதற்குக் கீழே இருந்ததை அவள் படிக்கவில்லை. படிக்காமலே அது என்னவென்று தெரிந்தது.

பழைய கடிதங்களையெல்லாம் அந்தத் திருடன் படித்திருக்கிறான். தவாவுக்கும் மிக்ஸி ஜாருக்கும் அடியில் அவள் புதைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறான். ஆறு வருடமாக அவள் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போன வார்த்தை, அவனுடைய எச்சில் பட்டு முதல் முதலாக வெளியே போயிருக்கிறது. மற்றப் பெண்கள் பேரில் அவன் எழுதியது பொய். இவள் பேரில் எழுதியதில் பாதி நிஜம். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

யூசுபின் பதில் வந்திருந்தது. அதுவும் மெலிந்த எழுத்தில்தான் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்தத் திருடன் படித்துவிட்டான்.

'சஃபியா, செவ்வாக்கிழமை தேதி போட்ட உன் லெட்டரப் பாத்ததும் ஊட்டுல யாருக்கோ என்னமோன்னு பயந்துட்டேன். வெள்ளிக்கிழமை தவிர நீ எழுதினதே இல்லயே. படிச்ச பொறவுதான் புரிஞ்சுது. மூணு நாள் பொறுக்க மாட்டாம தனியா பஸ் ஏறிப் போயிருக்கே. ஸ்டேஷன்ல ஒவ்வொரு தடவையும் என்ன வேணும்னு நான் கேட்டது இதுக்குத்தான். நீ சாமான் பேரச் சொல்லிச் சொல்லி என்னய அனுப்பிச்சுப் போடுவே. இவளுக்கு நான் இங்க இருக்கறதுதான் தோது போலன்னு நெனச்சுக்குவேன். சனிக்கிழமை மொதலாளிகிட்ட வேலைய வுடறேன்னு எழுதிக் குடுத்தர்றேன். நம்மூரு கணபதி ஏரியாவுல லேத்துப் பட்டறைக்கு எடம் பாக்கச் சொல்லி கூட்டாளி மயில்சாமிக்கு எழுதறேன். நீ எழுதியிருக்கற மத்த விஷயமெல்லாம் லெட்டர்ல வேண்டாம். உனக்கு அப்படியெல்லாம் எழுத வருமுன்னு எனக்குத் தெரியாது.'

கடைசி வரியில் சஃபியாவின் கண் நின்றுபோனது. யூசுப் என்ன நினைத்திருப்பான்? சந்தோஷப்பட்டிருப்பானா, முகம் சுளித்திருப்பானா? சனிக்கிழமை என்றால் நாளைக்கு.

அந்தக் கடிதங்களைத் தாளில் எடுத்துப் பைக்குள் வைக்கப் பிடிக்கவில்லை. வெறுங்கையோடு கீழே இறங்கினாள். பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட ஆள் சும்மா அவள் பக்கம் பார்த்தான். இவனாக இருக்குமோ? டிக்கெட் கிழித்த கண்டக்டர்? ஜும்மா முடிந்து தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறியவர்கள்? தெரிந்த முகம், தெரியாத முகம் எல்லாவற்றிலும் ஒரு நாக்கு தொங்குவதுபோல் தோன்ற, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படி ஊர் முழுவதையும் சந்தேகப்பட வைத்தவன் எங்கேயோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

சபுராவின் வீட்டு முற்றத்தில் வழக்கம்போல எல்லோரும் காத்திருந்தார்கள். சஃபியா குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒளிக்காமல் சொன்னாள். மெயில் வந்தது, பயந்தது, பட்டியல் அனுப்பியது, சாவியையே கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னாள்.

சபுராதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்க ஊட்டு மனுசன் எழுதினத எவனோ படிச்சானா?"

"ஆமாக்கா."

"நாங் கேட்டேன்னு நெனச்சு எழுதுச்சா அது?"

"ஆமா."

"தூ!" சபுரா முற்றத்து மூலையில் போய்த் துப்பிவிட்டு வந்தாள். "பேரன் எடுக்கற வயசுல அந்த மனுசன என்ன கூத்தடிக்க வெச்சிருக்கான் பாரு. பி.காம். படிச்சவளேன்னு உன்னய நம்பினோமேடி. பாஸ்வேர்டுன்னா ஊட்டுச் சாவி மாதிரின்னு நீதான எங்களுக்குச் சொன்னே? சாவிய ஆராவது தபால்ல அனுப்பிச்சுப் போடுவாங்களா?"

"ஆபீஸ் மாதிரிக் கேட்டான் அக்கா. பாஸ்போர்ட்டு ஆபீசுல, ரேஷன் ஆபீசுல கேட்டா நாம எல்லாத்தையும் குடுக்கறதில்லியா? தப்புப் பண்ணிப்போட்டோம்னு பயத்துல கை தானா அடிச்சுருச்சு."

"எம்பட வயசையும் போட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போட்டேன்."

"நெசமான வயசா?"

யாரோ சிரித்தார்கள். ரம்ஷா சிரிக்கவில்லை. சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள். "எம்பட பேருல என்னக்கா எழுதினான்?"

"அது உனக்கு வேண்டாம் கண்ணு."

"அவுக என்ன பதில் போட்டாங்க?"

"பதில் போடல. ஆனா ரெண்டு கடுதாசியும் படிச்சிருப்பாக."

"இருபது நாள்தான அக்கா எங்கூட இருந்தாக. அதுல நான் நாலு வார்த்தகூட நேரா நிமுந்து பேசல. இப்ப என்னயப் பத்தி என்னன்னு நெனச்சிருப்பாக?" ரம்ஷா வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

சபுரா போய் ரம்ஷாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "இனி அந்தப் பொட்டியத் தொட வேண்டாம். சாயங்காலம் எல்லாரும் போனுக் கடைக்குப் போறோம். அவங்கவங்க ஊட்டுக்காரரக் கூப்பிட்டு, அது நானில்லன்னு வாயால சொல்லிப்போடணும். உன் ஊட்டுக்காரருக்கு என்ன எழுதினான் அந்த நாயி?"

சஃபியா தயங்கினாள். "வந்துருங்கன்னு எழுதியிருக்கான். அவரு நாளைக்கு வேலைய வுடறேன்னு பதில் போட்டிருக்காரு."

"யூசுபு வாரானா?" சபுராவின் முகம் மலர்ந்தது. "அப்ப நீ எதுக்குடி வாயத் தொறக்கறே? எழுதினது எந்த நாயா இருந்தா என்ன, உனக்கு நல்லதுதான நடந்திருக்கு? வரட்டும். வந்த பொறவு மெதுவாச் சொல்லிக்க. சொல்லாமயே வுட்டாலும் ஒண்ணுமில்ல."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். சஃபியாவின் மனசுக்குள்ளும் ஒரு மூலை ஆமாம் என்றது. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் போதும். ஒரு மாதத்தில் யூசுப் வந்துவிடுவான். கணபதியில் பட்டறை. சாயங்காலமானால் வீட்டுக்கு வருகிற மனுஷன். இதற்குத்தானே ஆறு வருடம் காத்திருந்தது?

ஆனால் அவன் வந்து, ஒரு நாள் ஆசையாகச் சொல்லுவான். 'அந்த லெட்டர் மட்டும் நீ எழுதலைன்னா நான் வந்திருக்கவே மாட்டேன் சஃபியா.' அவள் சிரித்துக்கொண்டு தலையாட்ட வேண்டும். எவனோ ஒருவன் மென்று துப்பியதைத் தன் வாயிலிருந்து வந்ததாக ஒப்புக்கொண்டு, அதன்மேல் வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டும்.

"இல்லக்கா. நானும் சொல்லிப்போடறேன்."

"பைத்தியக்காரி! வேலைய வுடாம நின்னுக்கிட்டான்னா?"

"நின்னா நிக்கட்டும்."

தெருமுனையில் நசுருதீனின் எஸ்.டி.டி. கடை. கண்ணாடிக் கூண்டின் கதவு பல மாதமாகவே முழுக்கச் சாத்துவதில்லை. மாலை அஸர் தொழுகை முடிந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்த நசுருதீன், பதினொரு பெண்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்னம்மா இது, தெருவே எந்திரிச்சு வந்திருச்சு? துபாய்க்குப் படையெடுக்கறீங்களா?"

"நீங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க பாய்" என்றாள் சபுரா. அவர் டீக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டார்.

சபுரா கூண்டுக்குள் போய் ரசாக்கைக் கூப்பிட்டு, "நான் அப்படியெல்லாம் கேப்பனா? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று போட்ட சத்தம் உக்கடம் வரை கேட்டிருக்கும். ரம்ஷா இரண்டே நிமிடம் பேசினாள். வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீயில்லன்னு அப்பவே தெரியும்னாக அக்கா. அதான் பதில் எழுதலியாம்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சஃபியாவுக்கு அன்றைக்கு முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

அவள் முறை. சார்ஜா ரூம் போனை யாரோ எடுத்து, "யூசுப் பாய்!" என்று கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு லீவு.

"சஃபியா? என்னாச்சு? எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க. மச்சான், செவ்வாக்கிழமை வந்த லெட்டரு நான் எழுதல."

"என்ன?"

"பாஸ்வேர்ட ஒருத்தன் ஏமாத்தி வாங்கிப்போட்டான். கம்பெனி மாதிரி எழுதிக் கேட்டான், நானும் குடுத்துட்டேன். எல்லார் பேருலயும் கன்னாபின்னான்னு எழுதியிருக்கான். அதுல ஒரு எழுத்துகூட நான் எழுதல."

"அந்த அசிங்கமெல்லாம்..."

"அவன் எழுதினது."

"நீயா இதுன்னு நெனச்சேன். ரெண்டு நாளா மனசே ஒரு மாதிரி இருந்துச்சு. எவன்டா அவன், தூ..." யூசுப் நிறுத்தினான். மறுபடி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "அப்ப, வான்னு எழுதினது?"

"அதும் அவன் எழுதினதுதான்."

ஒயரில் காற்றடிக்கும் இரைச்சல் கேட்டது. சஃபியா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரி" என்றான் யூசுப். சிரிக்க முயற்சி செய்கிறான் என்று தெரிந்தது. "நல்ல வேளை இன்னிக்கே சொன்னே. நாளைக்கு எழுதிக் குடுக்கறத நிறுத்திக்கறேன். அதனால ஒண்ணுமில்ல. நீ வெசனப்படாத." கொஞ்சம் பொறுத்து, ஸ்டேஷனில் கேட்கிற அதே குரலில் கேட்டான். "வேற என்ன வேணும்னு சொல்லு சஃபியா."

சாத்தாத கதவுக்கு வெளியே பத்துப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சபுரா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சஃபியா அவர்களைப் பார்த்தாள். முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"நீங்க வேணும். போதும் மச்சான், வந்துருங்க."